பெயர் வைத்தாச்சு, மரம் மிஞ்சுமா?

2022 ஜனவரியில் ஒரு மரத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய கேமரூன் நாட்டில், எபோ என்கிற மழைக்காட்டில் நிற்கிற மரம் அது. வைத்த பெயர் உவாரியோப்சிஸ் டிகாப்ரியோ. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்களும் கேமரூன் நாட்டுத் தாவரவியலாளர்களும் சேர்ந்து அறிவித்தார்கள். பெயர் வைத்த அன்றைக்கே இன்னொன்றையும் சொல்லிவிட்டார்கள்: இந்த மரம் அழிவின் விளிம்பில் நிற்கிறது, அவர்களுக்குத் தெரிந்து இருப்பது 50-க்கும் குறைவான மரங்கள்தான்.

பிள்ளைக்குப் பெயர் சூட்டுகிற அன்றைக்கே மருத்துவர் கைவிரித்த மாதிரி இருக்கிறது இந்தச் சேதி. நம்ம இதழில் இதை எதற்கு எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இது நம்ம வரப்பு வரைக்கும் வருகிற விஷயம்.

சீத்தாவுக்குப் பங்காளி

முதலில் மரத்தைப் பார்ப்போம். உயரம் சுமார் 4 மீட்டர்தான். பெரிய மரங்களின் நிழலில், காட்டின் கீழ்த்தட்டில் வளர்கிற சின்ன மரம். இதன் விசேஷம் பூவில் இருக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்து பளபளக்கும் பூக்கள், கிளை நுனியில் வராமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. நமக்கு இது அதிசயம் இல்லை. பலா அடிமரத்தில் காய்க்கிறது, அத்தி அடிமரத்தில் காய்க்கிறது, கொக்கோவும் அப்படித்தான். நிழல் அடர்ந்த காட்டில் கீழே பறந்து திரிகிற பூச்சிகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகிற உயரத்தில் பூவை வைத்துக்கொள்வது மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கும் உள்ள வழக்கம்.

குடும்பம் எது தெரியுமா? சீத்தாக் குடும்பம். நம்ம சீத்தா, ராமசீத்தா, முள்சீத்தா, வேலியோரத்து மனோரஞ்சிதம், பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். பூச்சிவிரட்டிக்கு ஊறப்போடுகிற இலைகளில் வேம்பு, நொச்சியோடு சீத்தா இலையையும் சேர்க்கிறோமே, அந்த வம்சம்.

சீத்தா பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகு ஆணாக மாறும். தன் மகரந்தம் தனக்கு உதவாது. தேனீயும் அதில் பெரிதாக வேலை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி வண்டுகள்தான் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன. அந்த வண்டுகள் குறைந்த தோட்டத்தில் சீத்தா கோணலாகக் காய்க்கும், இல்லையென்றால் காய்க்கவே காய்க்காது. தூரிகையை வைத்துக்கொண்டு கையால் மகரந்தம் தொட்டுவைக்கிற நிலைக்குச் சிலர் வந்திருக்கிறார்கள். மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் பாடம் இல்லை.

‘புதிதாகக் கண்டுபிடித்தது’ என்றால்?

செய்தியில் ‘புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மரம்’ என்று போட்டார்கள். அந்த மரம் புதிதாக முளைத்துவிடவில்லை. அறிவியலின் ஏட்டுக்கு மட்டும்தான் அது புதுசு.

ஏட்டில் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பூ, இலை, காய் உள்ள கிளையை வெட்டி, காகிதத்துக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற எல்லாச் செடிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதோடும் பொருந்தவில்லை என்றால் வித்தியாசங்களை எழுதி வெளியிட வேண்டும். ஒட்டிவைத்த மாதிரிகளில் ஒன்று அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிரந்தரமாகக் காப்பகத்தில் இருக்கும். 2011 வரைக்கும் இந்த விளக்கத்தை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

இப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2,000 செடிகள் புதிதாகப் பெயர் பெறுகின்றன. பெயர் பெற்றுவரும்போதே பாதி உயிரோடுதான் வருகின்றன. உலகத்துச் செடிவகைகளில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருக்கலாம் என்று கியூ தோட்டத்தின் 2020 அறிக்கை சொன்னது. இன்னும் பெயர் வைக்காத செடிகளில் நான்கில் மூன்றுக்கு அந்த ஆபத்து இருக்கும் என்று 2023 அறிக்கை சொன்னது. காரணம் புரியாதது இல்லை. பரவலாக வளர்கிற செடிகள் எப்போதோ கண்ணில் பட்டுப் பெயர் பெற்றுவிட்டன. பெயர் இல்லாமல் மிச்சமிருப்பவை ஒரே மலை, ஒரே பள்ளத்தாக்கு, ஒரே காட்டுத்துண்டு என்று ஒதுங்கி வாழ்பவை. அந்தத் துண்டு போனால் அதோடு போய்விடும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதில். பெயர் இல்லாத செடியை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏற்ற முடியாது. பட்டியலில் இல்லாததற்காக எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. முதிர்ந்த மரம் 50-க்குக் குறைவு என்று காட்டினாலே, அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்க அந்தப் பட்டியலின் விதிகளில் இடம் உண்டு. ஆனால் எதை எண்ணினோம் என்று சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே! நிலம் கையில் இருந்தும் பட்டா இல்லாதவன் தாலுகா ஆபீஸில் படுகிற பாடு நமக்குத் தெரியும். பெயர் இல்லாத செடியின் நிலையும் அதுதான்.

யாரும் அதை வெட்ட வரவில்லை

எபோ காடு துவாலா துறைமுக நகரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். கொரில்லா இருக்கிறது, காட்டு யானை இருக்கிறது, உலகத்திலேயே பெரிய தவளையான கோலியாத் தவளை இருக்கிறது. கல்லால் கொட்டை உடைத்துத் தின்னவும், குச்சியை விட்டுக் கரையான் பிடித்துத் தின்னவும் தெரிந்த சிம்பன்சிகள் இருக்கின்றன. சுற்றி 40-க்கும் மேற்பட்ட ஊர்கள். பனென் மக்களுக்கு இது பாட்டன் பூட்டன் புதைந்த மண். 1960-களில் நாட்டில் நடந்த ஆயுதச் சண்டையின்போது அரசாங்கம் அவர்களைக் காட்டை விட்டு வெளியேற்றியது. அன்று விட்டு வந்த ஊர்களுக்குத் திரும்பும் உரிமையை இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் அந்த நாட்டு வனத்துறை, இந்தக் காட்டின் பெரும்பகுதியை மரம் வெட்ட விடப்போவதாக அறிவித்தது. பனென் தலைவர்கள் எதிர்த்தார்கள். ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். உலகம் முழுக்கக் கடிதங்கள் போயின. லியனார்டோ டிகாப்ரியோ என்கிற ஹாலிவுட் நடிகர் தன் பக்கத்தில் இதைப் பற்றிப் போட, கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் பட்டது. அதையும் மீறி ஜூலையில் ஒரு பகுதிக்கு உத்தரவு வந்தது. ஆகஸ்டில் அந்நாட்டு அதிபர் அந்த உத்தரவைத் திரும்பப் பெறவைத்தார். அந்த நன்றிக்காகத்தான் மரத்துக்கு நடிகரின் பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோடரியோ ரம்பமோ இந்த மரத்தைத் தேடி வரவில்லை. 4 மீட்டர் உயர மரத்தில் என்ன பலகை அறுக்க முடியும்? கம்பெனிக்கு வேண்டியது மேலே உயர்ந்து நிற்கும் விலைமதிப்புள்ள பெரிய மரங்கள். அவற்றை எடுக்கப் பாதை போடுவார்கள். வெட்டிய மரம் சாயும்போது கீழே நிற்பதையெல்லாம் நசுக்கிக்கொண்டு சாயும். அதை இழுத்துவர வண்டி போகும். மேலே கூரை திறந்ததும் வெயில் உள்ளே இறங்கும், ஈரம் காயும். நிழலிலேயே பிறந்து நிழலிலேயே வளர்ந்தது வாடிப்போகும். யாருக்கும் அதன்மேல் பகை இல்லை. யார் கணக்கிலும் அது இல்லை, அவ்வளவுதான். வெட்ட அனுமதி கேட்கிற காகிதத்தில்கூட அதன் பெயர் வராது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம வரப்புதான் நினைவுக்கு வந்தது. களைக்கொல்லி அடிக்கிறவருக்கு மூக்கிரட்டையின்மேல் பகையா? நத்தைச்சூரியும் கீழாநெல்லியும் முடக்கத்தானும் அவரை என்ன செய்தன? அவர் அருகுக்கும் கோரைக்கும் அடித்தார், போகிற போக்கில் எல்லாம் கருகின. ‘களை’ என்கிற ஒரே சொல்லுக்குள் முப்பது செடிகளின் பெயரையும் போட்டு மூடிவிட்டால், முப்பதையும் கொல்வது சுலபம். பெயரை மறக்கவைப்பது கொல்வதற்கு முந்தைய வேலை.

‘நமக்கு என்ன லாபம்?’

எங்கள் பகுதிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “அண்ணே, இங்க கிணத்துல தண்ணி இல்ல, நெல்லுக்கு விலை இல்ல. கேமரூன்ல 50 மரம் செத்தா நமக்கென்னண்ணே?”

நியாயமான கேள்வி. வழக்கமான பதில் ஒன்று உண்டு. ‘அந்த மரத்தில் நாளைக்கு மருந்து கிடைக்கலாம்’ என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1970-களில் ஆசியா முழுக்க ஒரே மாதிரிக் குட்டை நெல்லை நட்டபோது புல்குட்டை நச்சுயிரி நோய் வந்து வயல் வயலாகச் சாய்த்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன்னிடமிருந்த ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்துப்போன ஒரு காட்டு நெல், ஒரிசா நிவாரா. அங்கே குட்டையோரத்தில் முளைத்துக் கிடந்த, யாரும் அறுக்காத நெல் அது. அந்தக் காட்டு நெல்லின் குணத்தை ஏற்றித்தான் பிறகு வந்த ரகங்களை நிறுத்தினார்கள். ஒன்றையே நட்டது மனிதனின் புத்தி. காப்பாற்றியது பலவாக இருந்த காடு.

ஆனாலும் இந்தப் பதிலோடு நின்றுகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. லாபம் இருந்தால்தான் உயிரோடு இருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தால், அந்த வாய்ப்பாடு நம்ம பக்கமும் திரும்பும். ‘இந்தச் சம்சாரியால் நாட்டுக்கு என்ன லாபம், நிலத்தை எடுத்துச் சாலை போடலாமே’ என்று கேட்கிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். காளை மாட்டுக்கு அதே கணக்கைப் போட்டுத்தான் தொழுவத்தைக் காலி பண்ணினோம். கருங்குறுவைக்கும் காட்டுயாணத்துக்கும் ஒரு காலத்தில் அதே கணக்கைப் போட்டுத்தான் ‘விளைச்சல் கம்மி’ என்று ஓரம்கட்டினார்கள். பயன் தெரிந்த பிறகு தேடினால் விதை இருக்காது. பயன் தெரியாத காலத்தில் யாரோ ஒருவர் விடாமல் வைத்திருந்ததால்தான் இன்று நம்ம விதைத் திருவிழாக்களில் அந்த நெல்மணிகள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: “தம்பி, கேமரூன் மரத்தை நீயும் நானும் போய்க் காப்பாத்தப் போறதில்லை. எதுக்கு லாபம் இல்லையோ அதை வெட்டலாம்னு ஒரு புத்தி இருக்குதே, அது கேமரூன்லயும் இருக்கு, நம்ம ஊர்லயும் இருக்கு. அந்தப் புத்தியோடதான் நமக்குச் சண்டை.”

பெயர் போதுமா?

நடிகர் பெயரை வைத்தது சரியா என்று கேட்கலாம். பனென் மக்களின் பெயரை வைத்திருக்கலாமே என்றுதான் எனக்கும் பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை வைத்திருந்தவர்கள் அவர்கள். பேச்சு நின்றால் காடு போய்விடும் என்று தெரிந்தும் பேசினவர்கள் அவர்கள். இருந்தாலும் பெயர் வைத்தவர்களின் தந்திரம் புரிகிறது. நடிகர் பெயரை வைத்ததால்தான் ஒரு சின்ன மரத்தின் சேதி உலகத்துச் செய்தித்தாள்களில் வந்தது. என் காதுக்கும் வந்தது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2023-இல் அதே காட்டின் ஒரு பகுதியைக் கேமரூன் அரசு மறுபடியும் மரம் வெட்டும் பகுதியாக அறிவித்தது. பெயர் இருந்தது, உலகப் புகழ் இருந்தது. அப்படியும் அறிவித்தார்கள். பெயர் ஓர் ஆயுதம்தான். பிடித்துக்கொள்ளக் கை வேண்டும். அந்தக் கை அந்த மண்ணில் இருக்கிற மக்களுடையதாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காட்டின்மேல் உரிமை இல்லை என்றால், எத்தனை பெயர் வைத்தாலும் ஒரு உத்தரவில் எல்லாம் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம்ம இலுப்பைக்கு உறவான ஒரு மரம், மதுகா டிப்ளோஸ்டெமான். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்கிற வெள்ளைக்கார மருத்துவர் 1835-இல் அதன் மாதிரியைச் சேகரித்தார். அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 180 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2020-இல், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு கோயில் காவில் ஒரே ஒரு முதிர்ந்த மரம் நிற்பதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிவப்புப் பட்டியலா அதைக் காத்தது? காவுக்குள் கத்தி எடுத்துப் போகக் கூடாது என்கிற ஊர்க் கட்டுப்பாடுதான் காத்தது. நம்ம ஊர் அய்யனார் கோயில் காடுகளும் இந்தக் காரியத்தைத்தான் செய்துவந்தன. இப்போது பல இடங்களில் அவற்றுக்கு ‘வளர்ச்சி’ வந்துவிட்டது. மரத்தை வெட்டித் தரையில் டைல்ஸ் பதித்து, சாமிக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுக்கிறார்கள்.

எபோவில் பெயர் இருந்தும் மக்களுக்கு உரிமை இல்லை. கொல்லத்தில் ஏட்டில் தேடுவார் இல்லாமல் போன மரத்தையும் ஊர் விடவில்லை. ஏடும் ஊரும் சேர்ந்தால்தான் ஒரு செடி நிலைக்கும். இதுதான் நான் சொல்லவந்தது.

நம்ம ஏடு எங்கே?

நமக்கு அப்படி ஓர் ஏடு சட்டப்படியே இருக்கிறது. பல பேருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களிடம் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன நெல் இருந்தது, என்ன கீரை முளைக்கிறது, எந்த மரம் எந்தக் கரையில் நிற்கிறது, எந்த மாடு, எந்த மீன், அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்த பிறகு பதிவேடுகள் வேகவேகமாக எழுதி முடிக்கப்பட்டன. உங்கள் ஊர்ப் பதிவேட்டை எழுத யாராவது உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்டார்களா? உங்கள் அப்பத்தாவிடம் கேட்டார்களா? இல்லையென்றால் அதில் என்ன இருக்கும் என்று போய்ப் பாருங்கள்.

நான் கேட்பது மூன்று காரியம்தான்.

ஒன்று, உங்கள் நிலத்தில் தானாக முளைக்கிற செடிகளை ஒரு வருஷம் எழுதிவையுங்கள். ஆடிப் பட்டத்தில் முளைப்பது வேறு, கார்த்திகை மழைக்கு முளைப்பது வேறு, கோடையில் காயாமல் நிற்பது வேறு. உங்கள் வட்டாரத்தில் என்ன பெயர் சொல்கிறார்களோ அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாததற்கு, எங்கே முளைக்கிறது, எப்போது பூக்கிறது, பூ என்ன நிறம் என்றாவது குறித்துவையுங்கள். பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் ஒரு கிளையோடு போய்க் காட்டுங்கள்.

இரண்டு, வரப்பிலும் வேலியிலும் ஒரு துண்டையாவது உழாமல், தீ வைக்காமல், மருந்து படாமல் விடுங்கள். மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காட்டிலிருந்து வழிந்து வருகிற ஓடைக்கரை உங்களுடையதாக இருந்தால், அதில் நிற்பது எது என்று தெரியாமல் சுத்தம் பண்ணாதீர்கள்.

மூன்று, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எந்தக் கிராமசபை முதலில் வருகிறதோ அதில் எழுந்து நின்று கேளுங்கள்: “நம்ம ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டுங்க. குழுவுல யார் யார் இருக்காங்க? கோயில் காடும் கண்மாய்க் கரையும் அதுல ஏறியிருக்கா?” ஏறவில்லை என்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் எழுதவையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு அந்தக் கரையில் மண் அள்ள வண்டி வரும்போது, நம்ம கையில் நீட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும்.